ஒன்பதாம் பக்கம் இல்லாத கொப்பி

நான் எழுதுகிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் ஐந்து பேரும் பயிற்சி முடித்து, சான்றிதழோடு இந்த வாசிப்பு நிலையத்துக்கு வருகிறவர்கள். நான் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். ஆங்கிலத்தில் சாதாரண சித்தி, வெறும் பாஸ், அதுவும் இரண்டாம் தடவையில். இனிச் சத்தமாக வாசித்தால் தொண்டை போய்விடும் என்று டொக்டர் சொன்னதால் இந்த மாதத்தோடு நிற்கிறேன். போகும்போது அனுபவம் ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டீர்கள். ஐந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு கதைக்க என்னால் முடியாது. அதனால் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் மன்னித்து, திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை சொல் கொடுப்பது, கதையை எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நான் விட்ட ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். அந்தப் பிழையால் ஒரு மனிதருக்குக் கிடைக்க இருந்த வேலை கையைவிட்டுப் போகப் பார்த்தது.

அந்த வருடம் குருக்கள்மடம் ஊரில் நடந்த பெரியவர்கள் வகுப்பில் ஆறு பேர் இருந்தார்கள். பின்னேரம் நாலரைக்கு வகுப்பு. அதில் கோபாலபிள்ளை அண்ணன் ஒருவர். வாவியில் வலை வீசித் தொழில் செய்தவர். வலது தோள் பழுதாகி, இனி வலையே தொடக் கூடாது என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். கல்லுடைக்கவும் முடியாது, மூட்டை தூக்கவும் முடியாது. அப்போதுதான் வாவிக்கரையில் புதிதாகத் திறந்த ஒரு விடுதியில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றித் திரிய ஓட்டி வேண்டும் என்று கேட்டார்கள். எஞ்சின் வள்ளம்தான், தோளுக்குப் பாரமில்லை. வாவியைக் கோபாலபிள்ளை அண்ணனைப்போலத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அவர் எங்களிடம் வந்தார்.

வந்து மூன்று மாதத்தில் வகுப்பில் முதல் ஆள் அவர்தான். அவர் வடமோடிக் கூத்தில் ராசா வேசம் கட்டுகிறவர். அந்தக் குரலில் ஆங்கிலக் கதையை வாசித்தால் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். ஆட்டை வள்ளத்தில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரு பெண்ணின் கதை அது. நடு வாவியில் ஆடு எழும்பி நிற்கும், எல்லோரும் கத்துவார்கள். அந்த இடம் வந்தால் அவரும் கத்துவார்.

பக்கத்தில் இருக்கும் தையல்கார மலர் சொல்லுவாள். "மெதுவா வாசிங்க அண்ணன். ஆடு பயந்து மெய்யாவே தண்ணிக்குள்ள பாயப்போகுது."

"ஆட்டுக்குத்தான் பயமில்லையே. நீதான் பயப்பிடுறாய்," என்பார் அவர்.

வெளியிலிருந்து யாராவது நிலையத்தைப் பார்க்க வந்தால் நான் அவரைத்தான் வாசிக்கச் சொல்லுவேன். எனக்குக் கதைக்க வராது. அவர் வாசித்தால் நான் கதைக்கத் தேவையில்லை. இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

நேர்முகத்துக்கு விடுதியில் ஒரு கடிதம் கேட்டார்கள். 'இவர் இலகுவான ஆங்கிலத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பார்' என்று நான் எழுதி, ஒப்பம் வைத்து, வெள்ளிக்கிழமை கொடுத்தேன். என் ஒப்பத்தை ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தோசம். நேர்முகம் செவ்வாய்க்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் அது நடந்தது. கதைப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. ஆளுக்கொன்றாகப் போட்டோ கொப்பி எடுத்து வைத்திருந்தோம். அதில் ஒரு கொப்பியில் ஒன்பதாம் பக்கம் இல்லை, கடைக்காரப் பெடியன் விட்டுவிட்டான். கதை எனக்கு மனப்பாடம் என்பதால் அந்தக் கொப்பியை எப்போதும் நானே வைத்துக்கொள்வேன். அன்றைக்கு மறந்துபோய் அதைக் கோபாலபிள்ளை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

வழக்கம்போல முதலில் நான் வாசித்தேன். பிறகு எல்லோரும் சேர்ந்து. பிறகு ஒவ்வொருவராக. அவர் கதவடியில் இருப்பவர், அவர் முறை கடைசி. எட்டாம் பக்கம் வாசித்தார். தாளைப் புரட்டினார். அவர் கையில் இல்லாத ஒன்பதாம் பக்கத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தார். அடுத்துப் பத்தாம் பக்கத்தை வாசித்தார், ஆனால் அவர் முன்னால் விரிந்திருந்தது பதினோராம் பக்கம். மலர் புரட்டும்போது அவரும் புரட்டுகிறார் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. விரல் வரிக்குக் கீழேதான் ஓடியது. ஆனால் அவர் வாய் சொன்னது அந்தத் தாளில் இல்லை.

என் கையிலிருந்த கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன், அதில் ஒன்பதாம் பக்கம் இருந்தது.

மலர் கைதட்டினாள். "ராசாட குரலக் கேட்டீங்களா டீச்சர்? செவ்வாக்கிழம விடுதிக்காரன் கதிரைய விட்டு ஒழும்பித்தான் நிப்பான்."

அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. கூச்சத்தால்தான் சொல்லவில்லை, அறிவால் அல்ல. ஆனால் அது சரியாகப் போனது. ஐந்து பேருக்கு முன்னால் 'உங்கள் கொப்பியில் ஒன்பதாம் பக்கம் எங்கே' என்று கேட்டிருந்தால் அவர் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதித்திருக்க மாட்டார். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். கண்டுபிடித்த உடனே சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடிக்கும். அன்றைக்குக் கொஞ்சம் கூச்சப்படுங்கள்.

எல்லோரும் போன பிறகு அவரை நிற்கச் சொன்னேன். அந்தக் கொப்பியைப் பத்தாம் பக்கத்தில் விரித்து, நடுவில் ஒரு வரியைத் தொட்டு, "இத மட்டும் வாசிங்க அண்ணன்," என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியை மூடி மேசையில் வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்க, என்ன?" என்றார்.

"எப்பிடி அண்ணன் இவ்வளவு நாளும்?"

"இது என்ன பெரிய வேலையா? கூத்தில என்ட பாட்ட அண்ணாவியார் ரெண்டு தரம் படிச்சுக் காட்டுவார். மூண்டாம் தரம் நான் படிப்பன். பக்கத்தில நிக்கிற மந்திரிட பாட்டும், சேவகன்ட பாட்டும் அதோடயே வந்திரும். ஒரு கூத்து முழுக்க எனக்குத் தலைக்குள்ள கிடக்கு. உங்கட ஆடு பன்னிரெண்டு பக்கம்தானே?"

"தமிழ் வாசிப்பீங்களா?"

"ரெண்டாம் வகுப்போட எங்கட ஊரே இடம்பெயர்ந்து போச்சு. மறுகா ஆர் என்னப் பள்ளிக்கு விட்டது? பேர் எழுதுவன். பஸ்ஸிட போர்ட்டப் பாத்து எந்த ஊர் எண்டு சொல்லுவன். அவ்வளவுதான்."

அண்ணாவியார் என்றால் கூத்துப் பழக்குகிறவர். இங்கே எழுத்துத் தெரியாத எத்தனையோ பேர் அவர் வாயைப் பார்த்தே பெரிய பெரிய வேசமெல்லாம் ஆடியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாததல்ல, நான் இந்த மண்ணில் பிறந்தவள். தெரிந்தும், ஆறு பேருக்கு முன்னால் தினமும் ஒரே கதையை நானே முதலில் வாசித்துக் காட்டினேன். எனக்குத் தெரியாமலேயே நானும் அண்ணாவியார் வேலைதான் பார்த்திருக்கிறேன்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "டீச்சர், விடுதியில ஒரு அட்டை குடுத்து வாசிக்கச் சொல்லுவாங்களாம். வள்ளத்தில ஏறினா என்ன செய்யோணும், என்ன செய்யக் கூடாது எண்டு. அந்த அட்டை மலர்ட தம்பியிட்ட இரிக்கி, அவன் அங்க சமையல்ல நிக்கிறான். நீங்க ஒருக்கா வாசிச்சுப் போனில ஏத்தித் தாங்க. விடியமுன்னம் பிடிச்சிருவன்."

நான் போனைக் கையில் எடுத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். செய்து கொடுத்தால் அவருக்கு வேலை கிடைக்கும். என் கடிதமும் பிழையாகாது. ஒருவருக்கும் தெரியவராது. பிறகு, அந்த விடுதியில் தினமும் விடிய ஒரு பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார்கள் என்று அவரே முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. காற்று எப்போது மாறும், எந்தப் பக்கத்தில் வலை கட்டிக் கிடக்கிறது, எந்த வள்ளம் பழுது என்று.

"பலகைய என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்தில நிக்கிறவனிட்டக் கேட்பன்."

"பக்கத்தில ஆருமில்லாட்டி?"

நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் பொறுப்பாளர் வந்தார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தன்னாமுனை என்ற ஊரைச் சேர்ந்த பிள்ளை. என்னைவிடப் பதினேழு வயது இளையவர். ஆனால் எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்தவர் அவர்தான். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்கூட்டியை விட்டு இறங்காமல், ஹெல்மெட்டையும் கழற்றாமல் கேட்டார்.

"அவருக்கு வாசிக்கத் தெரியா. இங்கிலீசு தெரியுமா, தெரியாதா?"

"அதெப்பிடித் தெரியும்? மனப்பாடம்தானே?"

"கேட்டுப் பாத்தீங்களா அக்கா?"

நான் கேட்டுப் பார்க்கவில்லை. மூன்று மாதம் நூற்றுக்கணக்கில் சொற்கள் கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல்லைக் கதைக்கு வெளியே எடுத்து அவரிடம் ஒரு நாளும் நீட்டிப் பார்த்ததில்லை.

"அப்ப அந்தக் கடிதம்?" என்றேன்.

"நீங்க எழுதினதுக்கு நீங்கதான் போகோணும் அக்கா. ஆனா முதல்ல அவரிட்ட என்ன இரிக்கி எண்டு பாருங்க. இல்லாதத மட்டும் எழுதிக் குடுத்திட்டு வந்திராதீங்க."

அன்றைக்குப் பின்னேரம் வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முந்தி அவரை வரச் சொன்னேன். புத்தகத்தைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னேன், இருந்தார். கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன், சன்னல் சீலையின் கயிற்றைப் பிடித்தார். பிள்ளை எழும்பி நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கதையில் ஆட்டுக்குச் சொன்னதையெல்லாம் பிள்ளைக்கு மாற்றிச் சொன்னார். இலக்கணம் இல்லை. ஆனால் வெள்ளைக்காரனுக்கு விளங்கும். ஆழம், காற்று, மெதுவாக, பொறு எல்லாம் இருந்தது. கதையில் வராத சொல் என்றால் கை விரித்தார். முக்கால்வாசிச் சொல் அவரிடம் உயிரோடு இருந்தது. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

மற்றப் பாதிக்காக, நான் திருப்பி எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்தேன். 'இவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் முன்பு எழுதியது என் பிழை. கேட்டால் விளங்கும், பேசுவார். ஒரு தடவை கேட்டால் மறக்க மாட்டார்.' அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது.

"முதல் வரியிலயே என்ட கழுத்த வெட்டிப்போட்டு, மறுகா மாலை போடுறீங்களா?"

"பலகைய நினைச்சுத்தான் அண்ணன்..."

"எந்தப் பலகை? அந்த வாவியில எனக்குப் பலகை வேணுமா? நான் கண்ண மூடிக்கொண்டு வள்ளம் விடுவன். நீங்க இங்கிலீசு படிப்பிக்க வந்தீங்களா, ஆள் பிடிச்சுக் குடுக்க வந்தீங்களா?"

"நீங்களே நாளைக்குச் சொன்னா நான் இந்தக் கடிதத்தக் குடுக்கமாட்டன்," என்றேன். என் குரல் நடுங்கியது. "சொல்லாட்டிக் குடுப்பன்."

"உங்களுக்கென்ன, குடுங்க. வீட்டில என்ட மகள் கேட்பாள், வேலை என்னவாச்சு அப்பா எண்டு. வந்து நீங்க பதில் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். வகுப்புக்கு நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நான் விடுதி வாசலில் நின்றேன். அவர் வருவாரோ தெரியவில்லை. ஒன்பதேகாலுக்கு வந்தார், வெள்ளைச் சேட்டு, திருநீறு. களுதாவளைப் பிள்ளையாரிடம் போய்விட்டு வந்ததாகச் சொன்னார். நான் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை.

விடுதியை நடத்தும் முகாமையாளர் இளம் ஆள், கொழும்புப் பக்கம். தமிழ் அரைகுறை. அட்டையை எடுத்து நீட்டி, வாசிக்கச் சொன்னார். என் கை பைக்குள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கோபாலபிள்ளை அண்ணன் அட்டையை வாங்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.

"சேர். ரீடிங், நோ. ஐ கேனொட். யூ ரீட் வன் டைம். ஐ சே."

முகாமையாளர் நான் கொடுத்த பழைய கடிதத்தைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்தார். எழும்பி நின்று, "மை மிஸ்டேக், சேர்," என்றேன். அவரே சொல்லிவிட்டால் கொடுக்கமாட்டேன் என்றிருந்தேன், ஆனால் பிழை என்னுடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று புதிய கடிதத்தையும் மேசையில் வைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

முகாமையாளர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார், கடைசி வரியில் லேசாகச் சிரித்தார். பிறகு அட்டையை விட்டுவிட்டு எழும்பி, எங்களைத் துறையடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் அந்தப் பலகை. அன்றைக்கு எழுதியிருந்ததை ஒரு தரம் சத்தமாக வாசித்தார். பின்னேரம் காற்று. மூன்றாம் வள்ளம் எடுக்க வேண்டாம். கண்டல் மரங்களுக்கு வடக்கே வலை. ஐந்து விருந்தாளிகள், ஒரு பிள்ளை. பிறகு அரை மணித்தியாலம் வள்ளங்களைக் காட்டினார், எஞ்சினைக் கழற்றிப் பூட்டச் சொன்னார், ஊர் உலகமெல்லாம் கதைத்தார். கடைசியில் பலகைக்குத் தன் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "டெல் மீ தி போர்ட்," என்றார்.

கோபாலபிள்ளை அண்ணன் வரிசை தவறாமல் சொன்னார். காற்று, மூன்றாம் வள்ளம், ஐந்து பேர், ஒரு பிள்ளை. வலை வந்த இடத்தில் நின்றார்.

"சேர், நெட் நோர்த், நோ. போர்ட் ரோங். நெட் ஈஸ்ட்."

"ஹவ் டு யூ நோ?"

"மை மச்சான் நெட், சேர்."

முகாமையாளர் அங்கே நின்ற ஓட்டி ஒருவரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டார். அந்த ஆளும் கிழக்கே கையைக் காட்டினார். முகாமையாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகையை அழித்துத் தன் கையாலேயே திருத்தினார். திருத்திவிட்டு, பிள்ளை வள்ளத்தில் எழும்பி நின்றால் என்று கேட்டார்.

"சிட் டவுன்!" என்றார் கோபாலபிள்ளை அண்ணன். ராசா குரல். துறையடியில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரர் திடுக்கிட்டுப் போய்ப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

வேலை கொடுத்தார்கள். மூன்று மாதம் காலையில் யாராவது ஒருவர் பலகையை அவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும், அதற்குள் அவர் வாசிக்கப் பழக வேண்டும் என்று பேச்சு. அந்த முகாமையாளர் நல்ல மனிதர். வேறொருவர் என்றால் பழைய கடிதத்தைக் கிழித்து எங்களை வெளியே விட்டிருப்பார். நான் செய்தது சரி, அதனால் நல்லபடி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நல்லபடி முடிந்தது, அவ்வளவுதான். முடிந்திராவிட்டாலும் கடிதத்தைத் திருத்தத்தான் வேண்டியிருந்திருக்கும். அந்த இரண்டையும் நான் இன்றைக்கும் குழப்பிக்கொள்வதில்லை.

பஸ்ஸுக்கு நடந்து வரும்போது அவர் கொஞ்சம் பின்னால் வந்தார். பிறகு எட்டி நடந்து பக்கத்தில் வந்தார்.

"அந்தப் புதுக் கடிதத்திட கடைசி வரிய இன்னொருக்காச் சொல்லுங்க டீச்சர். வாசிச்சுப்போட்டுச் சிரிச்சாரே."

"ஒருக்காக் கேட்டா மறக்கமாட்டார் எண்டு."

"அது சரி," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நேத்து நான் உங்களோட கத்தினதயும் மறக்கமாட்டன். நீங்க மறந்திருங்க," என்றார்.

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அந்தத் தார் ரோட்டில் விட்டேன். வெயில்கூட அன்றைக்குச் சுடவில்லை.

அதன் பிறகு நான் எந்தக் கதையையும் முதலில் வாசித்துக் காட்டியதில்லை. முதலில் அவர்கள் தட்டுத்தடுமாறட்டும். எனக்கு அந்த அமைதி கஷ்டம்தான், உங்களுக்கும் கஷ்டமாக இருக்கும். நடுப்பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டுக் கேளுங்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதை வைத்து அவர்களை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். வகுப்பில் நன்றாக வாசிக்கிறவரைக் கண்டு சந்தோசப்படுங்கள். அந்தச் சந்தோசம் உங்களுக்கு வசதியாகவும் இருந்தால், இன்னொரு தரம் பாருங்கள். ஒப்பம் வைக்கும்போது உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாததை எழுதிவிட்டால், நீங்களே போய்ச் சொல்லுங்கள். நடுங்கிக்கொண்டு சொன்னாலும் பரவாயில்லை.

நேர்முகத்துக்கு அடுத்த நாள் புதன்கிழமை. கோபாலபிள்ளை அண்ணன் நாலு மணிக்கே வந்தார். ஆங்கில எழுத்தில் ஏ முதல் எஃப் வரை போனோம். பிறகு மழை வந்து மின்சாரம் நின்றதால் வகுப்பை முடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.